பாயிண்டில் எடுத்த அறை, பில்லில் வந்த காலைச் சாப்பாடு

காரைக்குடியிலிருந்து:

கண்டாங்கிச் சேலை வியாபாரத்துக்காக வருடத்தில் ஆறேழு தடவை வெளியூர் போகிறேன். பெங்களூர், ஹைதராபாத், மும்பை என்று கண்காட்சி எங்கே நடக்கிறதோ அங்கே நான்கைந்து நாள் தங்கல். 2019-ல் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு எனக்கு அழைப்புகள் கூடின. எந்த ஊருக்குப் போனாலும் ஒரே குழுமத்தின் ஓட்டலில் தங்குவதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். நான்கு வருடத்தில், தங்குவதற்காக ஓட்டல் என் உறுப்பினர் கணக்கில் போடும் பாயிண்டும் சேர்ந்தது, உறுப்பினர் அட்டையில் (சில்வர், கோல்டு மாதிரி) நிலையும் ஏறியது. அந்த நிலைக்குக் காலைச் சாப்பாடு இலவசம் என்று ஆப்பில் போட்டிருந்தது. நான் அதை அப்படியே நம்பிவிட்டேன்.

போன ஆவணியில் ஆத்தாவுக்குக் கண் பரிசோதனை. சென்னையில் இரண்டு நாள் தங்க வேண்டும். மகளுக்கும் பள்ளி விடுமுறை, மூன்று பேராகப் போனோம். சொந்தக்காரர் வீடுகள் உண்டுதான். ஆனால் ஆத்தாவுக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியாது. சேர்த்த பாயிண்ட் இதற்குத்தானே என்று 28,000 பாயிண்டைக் கொடுத்து இரண்டு இரவுக்கு அறை எடுத்தேன். அன்றைய விலைக்கு அதே அறை ஓர் இரவுக்கு 6,400 ரூபாய், வரி தனி. அதில் காலைச் சாப்பாடு கிடையாது. இரண்டு பேருக்குச் சாப்பாட்டோடு என்றால் 7,300. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சொல்கிறேன்.

இரவு ரயிலில் கிளம்பி, விடிந்தும் விடியாத நேரத்தில் ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அறை மதியம் 2 மணிக்குத்தான் என்றார்கள். சரி, அது எல்லா இடத்திலும் உள்ளதுதான். பசிக்கிறதே, காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டேன். இன்று காலைச் சாப்பாடு உங்கள் கணக்கில் இல்லை, நாளையும் மறுநாளும்தான் என்றார் ரிசப்ஷனில் இருந்த தம்பி. எனக்கு அது தெரியாது. நான் வெளியூர் போகும்போதெல்லாம் மாலையில்தான் போய் இறங்குவேன், அதனால் இந்தக் கேள்வியே வந்ததில்லை. ஆத்தா தூக்குவாளியில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி கொண்டுவந்திருந்தார். அதை அந்தப் பளபளக்கும் முகப்பில் உட்கார்ந்து பிரிக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆஸ்பத்திரி வாசல் மரத்தடியில் வைத்துத்தான் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை பஃபேக்குப் போனோம். வாசலில் நின்ற பெண் அறை எண் கேட்டு, தாளில் பார்த்து, மூன்று பேரா என்று உறுதி செய்துகொண்டு உள்ளே அனுப்பினார். பழம், ரொட்டி, சோளப்பொரி வகைகளைத் தாண்டி ஓர் ஓரத்தில் தோசைக்கல்லும் பணியாரக் கல்லுமாக ஒரு தம்பி நின்றார். முன்னால் ஒரு சின்ன அட்டை: "செட்டிநாட்டு வெள்ளைப் பணியாரம்". ஆத்தா நின்றுவிட்டார். கல்லில் இருந்தது குழிப்பணியாரம், கடுகும் வெங்காயமும் தாளித்தது. வெள்ளைப் பணியாரம் எண்ணெய்ச் சட்டியில் ஒவ்வொன்றாக ஊற்றி எடுப்பது, குழியில் வராது. ஆத்தாவுக்குக் கோபம் எதுவும் இல்லை. "தம்பி, எந்த ஊருப்பா?" என்று கேட்டார். சிங்கம்புணரிப் பக்கம் என்றார் அவர். அவ்வளவுதான், பத்து நிமிடம் அங்கேயே நின்றுவிட்டார். ஓர் ஆழாக்குப் பச்சரிசியை அளந்து, அதன் தலையில் கோபுரமாக எவ்வளவு உளுந்து நிற்குமோ அவ்வளவு உளுந்து. சேர்த்து ஊறவைத்து, வெண்ணெய் மாதிரி ஆட்ட வேண்டும். மாவு கரண்டியிலிருந்து நாடா போல விழ வேண்டும், ஊற்றியதும் தானே புரண்டு மேலே வரும், ஓரம் சிவக்கும் முன் எடுத்துவிட வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல், வேறு எதுவும் சேராது. அந்தத் தம்பி தோசை வார்க்கும் கையை நிறுத்தாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மகள் பின்னால் நின்று, "ஆயா, வரிசையில ஆள் நிக்கிறாங்க" என்று இழுத்துக்கொண்டு வந்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு சீட்டு வந்தது, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அறை எண் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாளும் அப்படியே.

கிளம்பும் அன்று பில்லைப் பார்த்தால் 6,490 ரூபாய். பெரியவருக்கு 1,100, மகளுக்கு 550, ஒரு காலைக்கு 2,750, இரண்டு காலைக்கு 5,500, மேலே 18 சதவீத வரி. அறைக்கு ஒரு பைசா கொடுக்காமல் தங்கிவிட்டு, இட்லிக்கும் பொங்கலுக்கும் ஆறாயிரத்துச் சொச்சமா என்று எனக்குக் கை நடுங்கியது. ஆத்தா பக்கத்தில் நின்றிருந்தார், அவர் காதில் அந்தத் தொகை விழக் கூடாது என்று மெதுவாகப் பேசினேன்.

கேட்டதற்கு வந்த பதில் இதுதான்: என் நிலைக்கு வரவேற்புப் பரிசாக இரண்டில் ஒன்று, 1,000 பாயிண்ட் அல்லது காலைச் சாப்பாடு. பாயிண்ட் எடுத்துக்கொண்டதாகக் கணினியில் பதிவாகியிருக்கிறது. என்னிடம் யாரும் கேட்கவே இல்லை. ஆப்பைத் திறந்து பார்த்தேன், உண்மையிலேயே 1,000 பாயிண்ட் ஏறியிருந்தது. மேலாளர் வந்தார். நிதானமான மனிதர். செக்-இன் நேரத்தில் கேட்டிருக்க வேண்டும், கேட்காதது எங்கள் பக்கத்துத் தவறு என்று ஒத்துக்கொண்டார். அந்த 1,000 பாயிண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு, எனக்கும் உடன் தங்கிய ஒருவருக்கும் தொகையை நீக்கினார். மூன்றாவது ஆளுக்குச் சலுகை இல்லை என்பதால் மகளின் கணக்கு மட்டும் நின்றது, வரியோடு 1,298. கொடுத்துவிட்டு வந்தேன். அது நியாயமான தொகை.

இப்போது அந்த இரண்டு எண்கள். அறை எடுக்கும்போதே சாப்பாட்டோடு எடுத்தால் இரண்டு பேருக்குக் கூடுதல் 900. அங்கே போய் உட்கார்ந்து சாப்பிட்டால் அதே இரண்டு பேருக்கு 2,200. ஒரே தோசை, ஒரே மேசை. பாயிண்டில் எடுப்பவர்கள் பெரும்பாலும் அறை மட்டும் உள்ள திட்டத்தில்தான் போய் விழுகிறோம். பாயிண்ட் அறைக்கான விலை. காலைச் சாப்பாடு வருவது உங்கள் நிலையால், அல்லது எடுத்த திட்டத்தால். நான்கு வருடம் உறுப்பினராக இருந்தும் எனக்கு இது புரியவில்லை. நம் ஊர்ப் பக்கம் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் விசாவுக்கும் சென்னை போகிறவர்கள் நிறையப் பேர். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

தேவகோட்டையிலிருந்து:

வணக்கம் ஆச்சி. எங்களுக்கு நடந்தது வேறு மாதிரி.

அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார். அலுவலக வேலையாகச் சுற்றிச் சுற்றி அவருக்குப் பாயிண்ட் நிறைய. அப்பச்சியும் ஆத்தாவும் அமெரிக்க விசா நேர்முகத்துக்குச் சென்னை போனபோது, அங்கிருந்தபடியே தன் பாயிண்டில் அறை போட்டுக் கொடுத்தார். நாங்கள் நான்கு பேர், இரண்டு அறை. போய் நின்றால் முன்பதிவில் அண்ணன் பெயர் மட்டும் இருக்கிறது. அப்பச்சியின் ஆதாரைக் கொடுத்தோம், பெயர் பொருந்தவில்லை என்றார்கள். சிங்கப்பூருக்குப் போன் போட்டு, அண்ணன் ஓட்டலுக்கு மின்னஞ்சல் அனுப்பி, அறை கையில் வர ஒன்றரை மணி நேரம். அப்பச்சிக்குச் சர்க்கரை உண்டு. அந்த ஒன்றரை மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன்.

அண்ணனுக்கு உயர்ந்த நிலை இருப்பதால் எங்களுக்கும் காலைச் சாப்பாடு வரும் என்று அவர் நினைத்திருந்தார். வரவில்லை. உறுப்பினர் தானே தங்கினால்தான் அந்தச் சலுகை. அப்புறம் அண்ணன் விசாரித்ததில், ஹயாத் ஓட்டல் குழுமத்தில் கெஸ்ட் ஆஃப் ஹானர் என்று ஒன்று உண்டாம். உச்ச நிலையில் இருப்பவருக்குக் கிடைக்கும் காலைச் சாப்பாடு உள்ளிட்ட சலுகைகளை, அவர் கூட வராமலே வேறொருவர் அனுபவிக்கலாம். அதற்கென்று சம்பாதித்த ஒரு அவார்டை, அதாவது சலுகைச் சீட்டு மாதிரி ஒன்றை, செலவழிக்க வேண்டும். நாங்கள் தங்கியது அந்தக் குழுமம் இல்லை.

நாங்கள் அங்கே சாப்பிடவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு மெஸ், நடந்து ஐந்து நிமிடம். இட்லி, பொங்கல், வடை, காப்பி, நான்கு பேருக்கு 600 ரூபாய் ஆகவில்லை. அப்பச்சி திருப்தியாகச் சாப்பிட்டார். நட்சத்திர ஓட்டல் பஃபேயில் ஆயிரம் ரூபாய்க்கு வயதானவர்கள் சாப்பிடுவது இரண்டு இட்லிதான் ஆச்சி. அறை இலவசமாகக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம், காலைச் சாப்பாட்டுக்கு வெளியே நடப்பதுதான் சரி என்பது என் கருத்து.

பள்ளத்தூரிலிருந்து:

ஆச்சி, நான் சென்னையிலும் கோயம்புத்தூரிலுமாக ஒன்பது வருடம் ஓட்டல் ரிசப்ஷனில் வேலை பார்த்தவன். இப்போது ஊரில் இருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று சொன்னால் உங்களுக்குப் பயன்படும்.

ஒவ்வொரு முன்பதிவிலும் ஒரு பிளான் குறித்திருக்கும். இபி என்றால் அறை மட்டும். சிபி என்றால் அறையும் காலைச் சாப்பாடும். ஒரு வேளை பெரிய சாப்பாடும் சேர்ந்தால் எம்ஏபி. பாயிண்டில் வரும் முன்பதிவு பெரும்பாலும் இபியாகத்தான் வந்து விழும். உறுப்பினரின் நிலையைப் பார்த்து அதைச் சிபியாக மாற்ற வேண்டியது செக்-இன் செய்யும் ஆள். கூட்ட நேரத்தில் அது விட்டுப்போகும். வேண்டுமென்று செய்வதில்லை, நான் நம்பிச் சொல்கிறேன்.

இரவு கணக்கு முடித்த பிறகு, எந்த அறைக்கு எத்தனை பேருக்குக் காலைச் சாப்பாடு என்று ஒரு பட்டியல் எடுத்து ரெஸ்டாரண்டுக்குப் போகும். வாசலில் நிற்கும் பெண் கையில் இருப்பது அதுதான். அன்று காலை வந்து இறங்கியவர்கள் முந்தின இரவு தங்கவில்லை, அதனால் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். ஆகவே திருத்தம் எதுவானாலும் முந்தின மாலையே சொல்லிவிடுங்கள். செக்-இன் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி போதும்: "எங்க அறை சிபியா, எத்தனை பேருக்கு?" இந்த வார்த்தையைக் கேட்டால் எதிரே இருப்பவர் உடனே கணினியைப் பார்ப்பார்.

முக்கியமானது அந்தச் சீட்டு. பட்டியலில் பெயர் இருந்தாலும் சில ஓட்டலில் கையெழுத்து வாங்குவார்கள், ஆனால் அதில் தொகை பூஜ்யமாக இருக்கும். தொகை போட்ட சீட்டு வந்தால் கையெழுத்துப் போடாமல் ரிசப்ஷனுக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். முதல் நாளே தெரிந்துவிடும்.

தேவகோட்டை அண்ணன் சொன்னது போல வேறொருவர் பாயிண்டில் போகிறவர்கள், தங்கப்போகிறவரின் முழுப் பெயர் முன்பதிவில் சேர்ந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் ஓட்டலுக்கே போன் செய்து கேளுங்கள். அடையாள அட்டையில் உள்ள எழுத்திலேயே இருக்க வேண்டும். நம் ஆட்களுக்கு வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, ஆதாரில் ஒன்று. அதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நிலை எதுவும் இல்லாதவர்கள் ஹாலிடே இன் எக்ஸ்பிரஸ் மாதிரி இடத்தைப் பார்க்கலாம். அங்கே எல்லா விருந்தினருக்குமே காலைச் சாப்பாடு அறையோடு சேர்ந்தது, பாயிண்டில் எடுத்தாலும் சரி. ஹில்டனில் கோல்டு நிலை இருந்தால் அமெரிக்காவுக்கு வெளியே உறுப்பினருக்கும் அதே அறையில் தங்கும் ஒருவருக்கும் கிடைக்கும். நிலையால் வரும் சலுகையில் மூன்றாவது ஆளுக்குப் பெரும்பாலும் தனியாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

காரைக்குடியிலிருந்து மீண்டும்:

தம்பி, நீங்கள் சொன்ன அந்தச் சிபி என்ற ஒரு வார்த்தை எனக்கு எவ்வளவு உதவியது என்று சொல்லத்தான் மறுபடி எழுதுகிறேன்.

ஆத்தாவுக்குப் புரை அறுவைக்குப் பிந்திய பரிசோதனை, அதே ஓட்டல். இந்தத் தடவை கிளம்பும் முன்பே மின்னஞ்சல் அனுப்பினேன்: வரவேற்புப் பரிசாகக் காலைச் சாப்பாடு வேண்டும், மூன்றாவது ஆள் 13 வயது மகள், அவளுக்கு என்ன தொகை. மறுநாளே பதில் வந்தது, மகளுக்கு முன்கூட்டிச் சேர்த்தால் 350. ரயிலையும் மாற்றிக்கொண்டோம். விடியற்காலை காரைக்குடியில் பல்லவன் ஏறினால் மதியம் சென்னை, அறைக்குப் போகும் நேரமும் ஏறக்குறையச் சரியாக இருந்தது. செக்-இன்னில் சிபியா என்று கேட்டேன். அந்தப் பெண் திரையைப் பார்த்து, இபி என்றுதான் இருக்கிறது, மாற்றிவிடுகிறேன் என்றார். கேட்காவிட்டால் அதே கதைதான். மறுநாள் சீட்டில் பூஜ்யம்.

தேவகோட்டை அண்ணே, மெஸ் பற்றி நீங்கள் சொன்னது பணக்கணக்குக்குச் சரி. ஆனால் கண்ணில் கட்டோடு இருந்தவரைத் தெருவில் நடத்திக் கூட்டிப்போக முடியாது. லிப்டில் இறங்கினால் சாப்பாடு என்பது எனக்குப் பெரிய உதவி.

சிங்கம்புணரித் தம்பி அன்று அங்கேதான் இருந்தார். பணியாரக் கல் முன்னால் இருந்த அட்டையில் "குழிப்பணியாரம்" என்று மாற்றி எழுதியிருந்தது. ஆத்தாவுக்கு இன்னும் எழுத்துத் தெளிவாகத் தெரியவில்லை, மகள் படித்துச் சொன்னாள். ஆத்தா இரண்டு பணியாரம் வாங்கிக்கொண்டார், துவையல் இருக்கிறதா என்று கேட்டார்.