ஹயம்ஸ் கிரேடு 2, ஆனால் கேடிஷ் C: முன்கணிப்பை எதை வைத்துச் சொல்வது?

கேள்வி (பேத்தாலஜி முதுநிலை):
மூக்கின் மேற்கூரையில் எடுத்த பயாப்ஸியில் ஆல்ஃபாக்டரி நியூரோபிளாஸ்டோமா (வாசனை உணரும் திசுவில் எழும் புற்றுநோய்), ஹயம்ஸ் கிரேடு 2 (நுண்ணோக்கியில் கட்டி எவ்வளவு மோசமாகத் தெரிகிறது என்பதற்கான 1-4 அளவு). எம்ஆர்ஐயில் கட்டி மூக்குக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள கிரிப்ரிஃபார்ம் எலும்பைத் தாண்டி மூளை உறையைத் தொட்டிருக்கிறது, அதாவது கேடிஷ் C. எதை நம்புவது?

பதில் 1:
இதில் முரண் இல்லை. கேடிஷ் சொல்வது கட்டி எதுவரை போயிருக்கிறது என்பதை: மூக்குக்குள் மட்டும் என்றால் A, சைனஸ் வரை B, அதையும் தாண்டினால் C. நெறிக்கட்டியிலோ தொலைவிலோ பரவினால் D. இது 1993இல் மொரிட்டா குழு சேர்த்தது. சிக்கல் C-யில்தான். எலும்பைக் கொஞ்சம் அரித்ததும் C, மூளைக்குள் ஆழமாகப் புகுந்ததும் C. அங்கே ஆளைப் பிரித்துக் காட்டுவது கிரேடுதான்.

கிரேடுக்குப் பார்க்க வேண்டியது மைட்டோசிஸ் (செல் பிரிதல்), நெக்ரோசிஸ் (திசு இறத்தல்), நியூக்ளியஸ்களின் வடிவ வேறுபாடு, ஃபைப்ரில்லரி (நார் போன்ற) பின்னணி. கிரேடு 2-இல் மைட்டோசிஸ் இருக்கலாம், நெக்ரோசிஸ் இருக்கக் கூடாது. நெக்ரோசிஸ் துளி தெரிந்தாலும் 3-ஐ யோசியுங்கள். 2-க்கும் 3-க்கும் நடுவே இருவர் பார்த்தால் இரு விடை வருவது சகஜம். ஆனால் 1-2 ஒரு குழு, 3-4 இன்னொரு குழு என்றே பெரும்பாலும் பிரிப்பதால், தடுமாறக் கூடாத கோடும் அதுதான்.

பதில் 2:
சின்ன பயாப்ஸியில் கிரேடு குறைவாக விழும். ஒரே கட்டியில் ஓரம் 2 ஆகவும் நடுப்பகுதி 3 ஆகவும் இருக்கும். அறுவை மாதிரியில் திரும்ப கிரேடு போடாமல் முடிக்காதீர்கள்.

கிரேடு 4 என்று எழுதும் முன் நோயே அதுதானா என்று பாருங்கள். சினாப்டோஃபைசின் (நரம்புத்தன்மையைக் காட்டும் சாயக் குறிப்பான்) மட்டும் போதாது, அது நியூரோஎண்டோக்ரைன் கார்சினோமா என்ற வேறு புற்றிலும் வரும். செல்கூட்டங்களின் விளிம்பில் எஸ்-100 சாயம் ஏற்கும் சஸ்டென்டாகுலர் (தாங்கு) செல்கள் தெரிகின்றனவா? கெரட்டின் (எபிதீலியப் புரதம்) சாயம் பரவலாகப் பிடித்தால் இதைப் போலத் தோன்றும் எஸ்என்யுசி (சைனோநேசல் அன்டிஃபரன்ஷியேட்டட் கார்சினோமா), நட் கார்சினோமா, ஐஎன்ஐ-1 புரதம் இழந்த கார்சினோமா எல்லாவற்றையும் விலக்குங்கள். கிரேடு 4-க்கு மோசமான பெயர் வந்ததில், பழைய தொகுப்புகளில் இவை கலந்துபோனதற்கும் பங்குண்டு.

பதில் 3 (ரேடியேஷன்):
கிரேடு 2 என்பதற்காக இந்த C-க்கு ரேடியேஷனைத் தவிர்க்க முடியாது. எண்டோஸ்கோப்பி வழியே எடுத்தாலும் மூளை உறை, ஆல்ஃபாக்டரி பல்ப் (மூளையின் வாசனைப் பகுதி) விளிம்புகளுக்குத் தனி மாதிரி அனுப்பச் சொல்லுங்கள். முன்கணிப்பில் அந்த விளிம்பு கிரேடுக்கு நிகராகப் பேசும். கிரேடு 3-4 என்றால் சிஸ்பிளாட்டின், எட்டோபோசைடு கீமோ பற்றியும் பேச வேண்டிவரும்.

இந்த நோய் தாமதமாகத் திரும்பும், பத்து வருடம் கழித்தும்கூட. முதலில் சுத்தமாக இருந்த கழுத்தில் பிறகு நெறி கட்டும். ஐந்து வருடத்தில் கோப்பை மூடாதீர்கள். ஒவ்வொரு ஃபாலோ-அப்பிலும் கழுத்தையும் ஸ்கேனில் சேருங்கள்.