மறு: பழுப்புப் பாசி – திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்

ஈரோட்டிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். சத்து மாத்திரை டப்பா ஒன்றுக்குத் தமிழ் லேபிள் எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. சேர்மானத்தில் முதல் வரி 'பழுப்புப் பாசித் தூள்'. படித்துப் பார்த்த அம்மா, "பாசிப்பயறு மாவுங்களா?" என்று கேட்டுவிட்டார். சரி, 'கடற்பாசி' என்று மாற்றினேன். பக்கத்து வீட்டு அக்கா, நோன்புக்குப் பாலில் காய்ச்சித் துண்டு போடுவார்களே, அந்தக் கடல்பாசி என்கிறார். அது சிவப்புப் பாசியில் எடுக்கிற அகர். இது கெல்ப் என்கிற பெரிய பழுப்புக் கடற்பாசி, அயோடின் மிகுந்த சரக்கு. பெரியவர்களுக்கு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். தைராய்டு உள்ளவர்கள் பெயரில் ஏமாந்து விழுங்கிவிடக் கூடாது.

கோபியிலிருந்து:
தம்பி, 'பழுப்புப் பாசி' என்பதே முரண். பசுமை, பச்சை, பாசி எல்லாம் ஒரே வேர். குறுந்தொகை 399-இல் பரணர், பிரிவில் காதலியின் மேனியில் படரும் பசலை நிறத்துக்கு ஊருணிப் பாசியை உவமை சொல்கிறார்: காதலன் தொட்ட இடத்தில் விலகும், கையை எடுத்தால் மறுபடி மூடும். பசலையும் அந்த வேர்தான். பச்சையில்லாததைப் பாசி என்பது வேரை அறுப்பது. புகர் என்றால் பழுப்பு, 'புகர்க்கோரை' எனலாம்.

கோவையிலிருந்து:
அண்ணா, பசலை பச்சையா? பொன்னிறம் என்றுதானே பாடியிருக்கிறார்கள்! அப்புறம், இந்தப் பாசியிலும் பச்சையம் இருக்கிறது. ஃபியூக்கோசாந்தின் என்ற நிறமிதான் அதை மறைக்கிறது. மண்டபம் போய்வந்த மாணவி ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த சர்காசம் என்ற பழுப்புப் பாசியை வகுப்பிலேயே கொதிநீரில் முக்கினோம். பழுப்பு போய்ப் பச்சை எழுந்தது. பிள்ளைகள் கத்தியே விட்டார்கள். பாசி என்ற பெயர் அதற்கு முழுக்கப் பொருந்தும். 'புகர்' என்றால் என்னவென்று அவர்களுக்கு நான் தனியாக ஒரு பாடம் நடத்த வேண்டும்.

பொள்ளாச்சியிலிருந்து:
அந்தச் சர்காசத்தை மன்னார் வளைகுடாவில் எடுக்கிறவர்கள் 'கட்டக்கோரை' என்கிறார்கள். கடலில் இறங்குகிறவர்கள் வைத்த பெயர் இருக்க, நாம் ஏன் புதிதாகத் தேட வேண்டும்?

ஈரோட்டிலிருந்து:
அழகான சொல்தான் அக்கா. ஆனால் கெல்ப் குளிர்க்கடலில் வளர்வது, நம் கடலில் கிடையாது. கட்டக்கோரை என்று போட்டால் சரக்கே மாறிவிடும். அதோடு இங்கே கோரை என்றால் மஞ்சள் காட்டில் பிடுங்கிப் பிடுங்கி அலுத்த களை. அதைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்?

கோவையிலிருந்து:
'பழுப்புக் கடற்பாசித் தூள், கெல்ப் வகை' என்று போடுங்கள். கீழேயே 'அயோடின் மிகுந்தது. தைராய்டு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடவும்' என்று கொட்டை எழுத்தில் வரட்டும். சொல்லைவிட இந்த வரி முக்கியம்.

பொள்ளாச்சியிலிருந்து:
சரி. எனக்குச் சம்மதம்.

கோபியிலிருந்து:
டப்பாவுக்கு அது போகட்டும், தம்பி. பாடநூலுக்கு நான் ஒப்பமாட்டேன். 'கெல்ப்' என்று விட்டுவிட்டால் தமிழில் அந்தச் சொல்லின் இடம் காலியாகவே கிடக்கும். பொன்னிறப் பசலை பற்றிக் கோவைக்குத் தனியாக எழுதுகிறேன்.