ஜூனியர் ஹாக்கி ஆடியவன் எல்லாம் ஜம்போனி ஓட்டுகிறானாம்!

மோர்னிங்சைட் மாமா (இரவு 9.12)
பக்கத்து இழையில் கணக்கப்பிள்ளை என்ற பெயரில் எழுதுகிறவர் நேற்று ஒரு முத்து உதிர்த்திருக்கிறார். அப்படியே தருகிறேன்: "ஜூனியர் ஹாக்கி ஆடின பொடியன்கள் எல்லாம் இருபது வயதில் கழற்றிவிடப்பட்டு, கடைசியில் ஜம்போனிதான் ஓட்டுகிறார்கள். என் கண்ணால் பார்த்தேன்." யாரோ ஒரு பாவம் மகனை எந்த ஹைஸ்கூலில் சேர்க்கலாம் என்று கேட்ட இழை அது. அதற்குள் ஹாக்கி எப்படி வந்தது, ஐஸ் தளத்தை மட்டமாக்குகிற ஜம்போனி வண்டி எப்படி வந்தது, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

நான் 11 வருடம் விடிய ஐந்து மணிக்கு எழும்பி, காரின் மேல் இருந்த பனியைச் சுரண்டி, பிள்ளையை அரீனாவுக்குக் கொண்டுபோனவன். இந்த விஷயத்தில் ஒருவரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். மேஜர் ஜூனியர் என்கிற மேல்மட்டத்து லீக்குகளான ஓஎச்எல் (ஒன்ராறியோ), டபிள்யூஎச்எல் (மேற்கு), கியூபெக் லீக் மூன்றிலும் சேர்த்து 2025-26 சீசனில் 61 அணிகள். ஒவ்வொன்றிலும் இருபதுக்கு மேல் பொடியன்கள். எல்லாரும் ஜம்போனி ஓட்டுவதென்றால் கனடாவில் உள்ள ஐஸ் காணாது ஐயா.

கணக்கப்பிள்ளை (இரவு 9.30)
மாமா, "எல்லாரும்" என்பது பேச்சுக்குச் சொன்னது. ஆனால் பார்த்தது பார்த்ததுதான். மகளின் ஸ்கேட்டிங் வகுப்பு, சனிக்கிழமை காலை. ஐஸ் வண்டி ஓட்டி முடித்து இறங்கின மனிதர் ஓஎச்எல் அணி ஜாக்கெட் போட்டிருந்தார். தோளில் அணிச் சின்னம் பளிச்சென்று தெரிந்தது. இதைவிட என்ன வேண்டும்?

கணக்கும் சொல்கிறேன். ஒரு அணியில் 20 வயதுக்காரர் மூன்று பேருக்குத்தான் இடம். 61 பெருக்கல் 3, அதாவது 183. மிச்சப்பேர் 19 வயதிலேயே பையைக் கட்ட வேண்டும். உச்சத் தொழில்முறை லீக்கான என்எச்எல் புது ஆட்டக்காரரை எடுக்கிற தேர்வில் ஒரு வருடத்துக்கு 32 அணிகளும் சேர்ந்து 224 பேரை எடுக்கின்றன. அந்த 224இல் சுவீடன்காரன், பின்லாந்துக்காரன், ரஷ்யாக்காரன், அமெரிக்கக் கல்லூரிப் பொடியன் எல்லாரும் இருக்கிறார்கள். எடுக்கப்பட்டவனே எல்லாரும் ஆடுவதில்லை. மற்றவன் எங்கே போவான்?

மோர்னிங்சைட் மாமா (இரவு 9.41)
ஜாக்கெட்! ஜாக்கெட்டை வைத்தா இவ்வளவு ஆட்டம்? ஓஎச்எல் அணியான ஒஷாவா ஜெனரல்ஸின் ஜாக்கெட் என் மனைவியிடமும் இருக்கிறது. கடையில் காசு கொடுத்தால் தருவார்கள். அவவும் ஓஎச்எல் ஆடினவவோ? அடுத்த முறை சபரிமலைக்கு மாலை போட்டவனைப் பார்த்துவிட்டு அவன்தான் தந்திரி என்று சொல்வீர்கள் போல.

ஒட்டாவா ராணி (இரவு 10.05)
அண்ணை, கணக்கர் இருவரும் ஜாக்கெட்டை விட்டுவிட்டு நடப்பைப் பாருங்கள். மேஜர் ஜூனியரில் ஒரு சீசன் ஆடினால் ஒரு வருடப் பல்கலைக்கழகச் செலவை அணி தர வேண்டும். நான்கு சீசன் ஆடினவனுக்கு ஒரு டிகிரி கையில். இந்தப் பொடியன்களில் நிறையப் பேர் இருபது, இருபத்தொரு வயதில் கனடாப் பல்கலைக்கழக அணிகளுக்குத்தான் போகிறார்கள். நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழக அணி 2023-24இல் 43 ஆட்டம் ஆடி 43இலும் வென்றது. ஒரு தோல்வி இல்லை. அந்த அணியில் பெரும்பாலும் யார் என்று நினைக்கிறீர்கள்? எல்லாம் பழைய ஜூனியர் ஆட்டக்காரர்கள். பகலில் வகுப்பு, மாலையில் ஐஸ். அவர்களை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை, அவ்வளவுதான்.

நாலாம் லைன் (இரவு 10.20)
ராணி மேடம் விளம்பரப் பிரசுரத்தை அப்படியே வாசித்துவிட்டார். அந்த உதவித்தொகையின் அடியில் சின்ன எழுத்தில் இருப்பதை நான் வாசிக்கிறேன். என்எச்எல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் அது போச்சு. சரி, அது நியாயம். ஆனால் "இன்னும் ஒரு வருஷம் முயற்சி பண்ணிப் பார்க்கிறேன்" என்று ஏதாவது ஒரு கீழ் லீக்கில் பஸ்ஸில் சுற்றிக்கொண்டே இருப்பவனுக்கும் காலக்கெடு தாண்டிவிடும். கனவு கண்டதற்கு அபராதம்.

ஆடுகிற காலத்திலும் என்ன கொடுத்தார்கள்? வாரம் ஐம்பது டாலர் மாதிரி கைச்செலவு, தங்க ஒரு பில்லெட் வீடு, அதாவது அந்த ஊரில் யாரோ ஒரு குடும்பத்தின் வீடு. குறைந்தபட்சச் சம்பளம் கேட்டு 2014இல் வழக்குப் போட்டார்கள். 2020இல் 3 கோடி டாலர் சமரசம் பேசி, இனி வழக்குப் போடமாட்டோம் என்கிற விடுதலைப் பத்திரம் அளவுக்கு மீறி அகலமாக இருக்கிறது என்று நீதிபதிகளே திருப்பி அனுப்பினார்கள். வழக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே 2018இல் ஒன்டாரியோ அரசு "இவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் பொருந்தாது" என்று விதியை மாற்றிவிட்டது. டிக்கெட் விற்கும்போது தொழில், சம்பளம் கேட்டால் மாணவன்!

மோர்னிங்சைட் மாமா (இரவு 10.48)
நாலாம் லைன் தம்பி, நீர் கல்கரியில் இருந்துகொண்டு ஒன்ராறியோச் சட்டம் பேசுகிறீர், சந்தோஷம். ஆனால் இங்கே கேள்வி சம்பளம் இல்லை. கேள்வி ஜம்போனி. கணக்கப்பிள்ளை சொன்னது சரியா பிழையா, அதை மட்டும் சொல்லும்.

ஆடி முடித்தவன் எங்கே போகிறான் என்று நானே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பீற்றர் டிபோர் வின்ட்சர் ஸ்பிட்ஃபயர்ஸ் அணியில் ஆடினவர். 1988இல் ரொறன்ரோ தேர்ந்தெடுத்தது, என்எச்எல்லில் ஒரு ஆட்டம் கூட ஆடவில்லை. என்ன செய்தார்? சட்டம் படித்தார். பிறகு பயிற்சியாளராகி 2012இல் நியூ ஜெர்சியையும் 2016இல் சான் ஹோசேயையும் என்எச்எல்லின் ஸ்டான்லி கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனார். ஜம்போனி ஓட்டினாரா? இல்லை. டொன் செரி 1953இல் பாரி ஃபிளையர்ஸ் அணியோடு ஜூனியர் சாம்பியன் கோப்பையான மெமோரியல் கோப்பை வென்றார். என்எச்எல்லில் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். பிறகு கார் விற்றார், பயிற்சியாளரானார், தொலைக்காட்சியில் நாற்பது வருடத்துக்குக் கிட்ட இருந்தார். ஜம்போனி ஓட்டினாரா? இல்லை. இன்னும் வேண்டுமா?

ஒட்டாவா ராணி (இரவு 10.55)
அண்ணை, உதாரணத்துக்கு டொன் செரியை விட்டால் உங்களுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? 2019 நவம்பரில் குடியேறியவர்களைப் பார்த்து "நீங்கள் வந்து எங்கள் பாலையும் தேனையும் அனுபவிக்கிறீர்கள், போரில் இறந்தவர்கள் நினைவாகக் குத்துகிற ஒரு பொப்பிப் பூ வாங்கக் காசில்லையா" என்கிற மாதிரிப் பேசி வேலை போனவர் அவர். அவரையா தமிழ்ப் பிள்ளைகளுக்கு முன்மாதிரி என்கிறீர்கள்?

மோர்னிங்சைட் மாமா (இரவு 11.02)
முன்மாதிரி என்று எங்கே சொன்னேன்? ஜம்போனி ஓட்டவில்லை என்றுதானே சொன்னேன். நான் ஒவ்வொரு நவம்பரும் பொப்பி குத்துகிறவன். என்னோடு அந்தக் கதை வேண்டாம். சொன்னதை வாசியுங்கள் தங்கச்சி.

பனிப்புயல் (இரவு 11.10)
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஜம்போனி என்பது ஒரு கம்பெனிப் பெயர். ஃபிராங்க் ஜம்போனி 1949இல் கலிபோர்னியாவில் செய்தது. இங்கே ஒன்டாரியோவில் பல அரங்குகளில் ஓடுவது ஒலிம்பியா, எல்மைராவில் தயாராகிறது. ஆகவே கணக்கப்பிள்ளை பார்த்தது ஜம்போனியாகவே இல்லாமலும் இருக்கலாம். வண்டியின் பக்கவாட்டில் என்ன எழுதியிருந்தது?

கணக்கப்பிள்ளை (இரவு 11.14)
வண்டியில் என்ன எழுதியிருந்தது என்று நான் ஏன் பார்க்க வேண்டும்? ஜாக்கெட்டைப் பார்த்தேன்.

பனிப்புயல் (இரவு 11.16)
அப்படியானால் கண்ணால் பார்த்த சாட்சி பாதிதான்.

மோர்னிங்சைட் மாமா (இரவு 11.20)
இதைத்தான் நானும் சொன்னேன். பனிப்புயலுக்கு நன்றி.

பனிப்புயல் (இரவு 11.21)
நான் உங்கள் பக்கம் பேசவில்லை. வண்டியைப் பற்றி மட்டும் பேசினேன்.

நாலாம் லைன் (இரவு 11.40)
மாமா ஜெயித்தவன் பெயரை மட்டும் பட்டியல் போடுகிறார், நான் மற்றப் பக்கத்தைச் சொல்கிறேன். பிரையன் ஃபோகர்ட்டி. 1988-89இல் நயாகரா ஃபால்ஸ் தண்டர் அணியில் தற்காப்பு ஆட்டக்காரர், 60 ஆட்டத்தில் 155 புள்ளி. புகழ்பெற்ற தற்காப்பு ஆட்டக்காரர் பாபி ஓர் மறுபிறவி என்று எழுதினார்கள். கியூபெக் நார்டிக்ஸ் அவரை முதல் சுற்றில் ஒன்பதாவதாக எடுத்திருந்தது. குடி. என்எச்எல்லில் 156 ஆட்டம், அப்புறம் ஊர் ஊராகச் சின்ன லீக்குகள். 2002இல் இறந்தபோது வயது 32. பதினாறு வயதுப் பையனை அம்மா அப்பாவிடமிருந்து பிரித்து, முன்பின் தெரியாத வீட்டில் தங்கவைத்து, ஊரே கைதட்டி, இருபது வயதில் கதவைச் சாத்தினால் சிலர் உடைவார்கள். ஷெல்டன் கென்னடி ஸ்விஃப்ட் கரன்ட் ஜூனியர் அணியில் பயிற்சியாளரிடம் அனுபவித்த கொடுமையை வெளியே சொல்ல எத்தனை வருடம் ஆனது? அந்தப் பயிற்சியாளர் 1997இல்தான் சிறைக்குப் போனார். ஐஸ் வண்டி ஓட்டிக்கொண்டு ஒழுங்காக வீட்டுக்குப் போகிறவன் அதிர்ஷ்டக்காரன் என்பேன்.

ஒட்டாவா ராணி (இரவு 11.52)
இது சரியான பேச்சு. கென்னடி பிறகு அதையே வேலையாக எடுத்து, பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் பாடம் நடத்துகிற நிறுவனத்தைத் தொடங்கினார். 2018 ஏப்ரலில் ஹம்போல்ட் ஜூனியர் அணியின் பஸ் விபத்தில் 16 பேர் போனார்கள், 13 பேர் காயத்தோடு தப்பினார்கள். அந்த அணியில் கோல் காப்பவராக இருந்த ஜேக்கப் வாசர்மேன் இடுப்புக்குக் கீழே உணர்விழந்து, துடுப்புப் படகு பழகி 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் போட்டியிட்டார். இவர்களையெல்லாம் எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

பனிப்புயல் (இரவு 11.58)
ஹம்போல்ட் மேஜர் ஜூனியர் இல்லை. அதற்கு ஒரு படி கீழே உள்ள ஜூனியர் ஏ. முதலில் "ஜூனியர்" என்றால் எது என்று தீர்மானித்துவிட்டுப் பேசினால் நல்லது.

கணக்கப்பிள்ளை (நள்ளிரவு 12.03)
ஜூனியர் என்றால் ஜூனியர்தான். அந்த மனிதரின் ஜாக்கெட்டில் ஏ, பி என்று ஒன்றும் இல்லை.

தொப்பி வாப்பா (காலை 6.45)
இரவு முழுக்க இதுதானா? நான் நகரசபையில் வேலை செய்கிறேன். ஒன்று கேட்கிறேன், ஜம்போனி ஓட்டுவதில் என்ன கேவலம்? யூனியன் வேலை, நகரசபை ஊழியருக்கான ஓமர்ஸ் பென்ஷன், குளிரில் வெளியே நிற்க வேண்டாம். பிளேடு எவ்வளவு இறங்க வேண்டும், சுடுதண்ணீர் எவ்வளவு விட வேண்டும் என்று தெரியாதவன் ஓட்டினால் ஐஸ் பள்ளமும் மேடுமாகப் போகும். ஐஸில் வளர்ந்தவனுக்கு அது தெரியும், அதனால்தான் அவனை எடுக்கிறார்கள். பழைய ஜூனியர்கள் தீயணைப்புப் படையிலும் இருக்கிறார்கள், பொலிஸிலும் இருக்கிறார்கள். மாகாணம் வருடா வருடம் வெளியிடுகிற ஒரு லட்சம் டொலர் சம்பளப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், தீயணைப்புக்காரர் பெயர் பக்கம் பக்கமாக வரும். இங்கே பேசுகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பட்டியலில்?

மோர்னிங்சைட் மாமா (காலை 7.10)
வாப்பா, வேலை கேவலம் என்று நான் சொல்லவே இல்லை. கேவலமாகச் சொன்னவர் கணக்கப்பிள்ளை. நான் அவர் சொன்னது பொய் என்கிறேன். இரண்டும் வேறு. அந்த மனிதர் ஓஎச்எல் ஆடியிருந்தால் பெயர் இருக்கும், புள்ளிவிவரம் இணையத்தில் இருக்கும். பெயர் என்ன? கேட்டீரா? கேட்கவில்லை. ஏனென்றால் உமக்கு விடை தேவையில்லை, "பிள்ளையைக் கணக்கு வகுப்புக்கு அனுப்பு" என்று சொல்ல ஒரு ஜாக்கெட்தான் தேவை.

அதுவும் இப்போது நிலைமையே மாறிவிட்டது. முந்தி ஓஎச்எல்லில் ஆடினவனை அமெரிக்கக் கல்லூரி எடுக்காது. 2024 நவம்பரில் அந்த விதியை மாற்றினார்கள், 2025 ஓகஸ்டிலிருந்து போகலாம். மெடிசின் ஹாட் ஜூனியர் அணியில் ஆடின கேவின் மக்கென்னா பென்சில்வேனியாவுக்குக் கல்லூரி ஹாக்கி ஆடப் போய்விட்டான். இதெல்லாம் தெரியாமல் பழைய பாட்டு.

கணக்கப்பிள்ளை (காலை 7.32)
மாமா, இவ்வளவு விவரம் தெரிந்த உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. 11 வருடம் விடியக் காலையில் எழும்பினீர்களே, உங்கள் மகன் ஓஎச்எல்லில் எத்தனை சீசன் ஆடினார்?

நாலாம் லைன் (காலை 7.35)
அய்யய்யோ.

மோர்னிங்சைட் மாமா (காலை 8.20)
என் மகன் 15 வயதில் ஒரு அணித் தேர்வுக்குப் போனான். இரண்டு நாள் ஆடவைத்துவிட்டு, முதலே எழுதிவைத்த பெயர்ப் பட்டியலைக் கதவில் ஒட்டினார்கள். தேர்வுக் கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அந்த அணியின் பெயரை இங்கே எழுதமாட்டேன். அதற்குப் பிறகு அவன் ஸ்கேட்டைத் தொடவில்லை. இன்றைக்கு ஒரு வங்கியில் நல்ல வேலையில் இருக்கிறான். போதுமா? என் வீட்டுக் கதையைக் கிளறினால் உமது ஜாக்கெட் உண்மையாகிவிடுமா?

ஒட்டாவா ராணி (காலை 8.31)
கணக்கர், இது தேவையில்லாத கேள்வி.

கணக்கப்பிள்ளை (காலை 8.40)
கேள்வி கேட்டால் தப்பா? நானும் வங்கி வேலைதான் நல்லது என்கிறேன், மாமாவும் அதையேதான் சொல்கிறார். பிறகு எதற்குச் சண்டை?

மோர்னிங்சைட் மாமா (காலை 8.44)
நான் அதைச் சொல்லவில்லை!!

நாலாம் லைன் (காலை 8.50)
டொராண்டோக்காரர்கள் சண்டை போட்டால் பார்க்கவே தனி சுகம்.

மோர்னிங்சைட் மாமா (காலை 8.52)
ரொறன்ரோ. சரியாக எழுதப் பழகும்.

நாலாம் லைன் (காலை 8.53)
ஆரம்பிச்சாச்சு. ஊர்க்காரன் "டொரானோ" என்கிறான், உங்கள் "ற"வும் அவன் வாயில் இல்லை.

தொப்பி வாப்பா (காலை 9.05)
இந்தச் சண்டை இதே இடத்தில் மூன்றாவது தடவை.

கணக்கப்பிள்ளை (காலை 9.15)
சரி. வருகிற சனிக்கிழமை அந்த அரீனாவுக்குப் போகிறேன். அவரிடம் பெயரும் கேட்கிறேன், அனுமதி வாங்கி ஜாக்கெட்டையும் படம் பிடிக்கிறேன்.

பனிப்புயல் (காலை 9.17)
வண்டியின் பக்கவாட்டையும் ஒரு படம்.

மோர்னிங்சைட் மாமா (காலை 9.20)
ஜாக்கெட் படம் எனக்கு வேண்டாம். ஜாக்கெட் கடையில் கிடைக்கும் என்று எத்தனை தடவை சொல்வது? என் மனைவியின் ஜாக்கெட்டை நான் படம் பிடித்துப் போடவா?

அகிலன் அப்பா (காலை 9.41)
வணக்கம். மகனின் ஹைஸ்கூல் பற்றி முதலில் கேட்டது நான்தான். பதிவு செய்ய வெள்ளிக்கிழமை கடைசி நாள். யாராவது சொல்ல முடியுமா?

மோர்னிங்சைட் மாமா (காலை 9.43)
தம்பி, சனிக்கிழமை வரை பொறும். முதலில் இந்த ஜாக்கெட் விஷயம் முடியட்டும்.