மேனிஃபோல்டு ஸ்டட் நான்காவது முறையாக உடைந்தது, அதே நான்காம் சிலிண்டர் ஓரம்

காசிமேடு ஐஸ்வண்டி:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது டீசல் பிக்கப், நான்கு சிலிண்டர், டர்போ உண்டு. 2016 மாடல், 1,90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காசிமேட்டில் ஐஸ் ஏற்றிக்கொண்டு எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போவேன். திரும்பும்போது இறாலோ நண்டோ கிடைத்ததை ஏற்றி வருவேன். நைனா காலத்திலிருந்து இதுதான் பிழைப்பு.

பதினான்கு மாதத்தில் நான்கு தடவை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டட், அதாவது சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாயை இன்ஜினோடு பிடிக்கும் மரைத்தண்டு, உடைந்துவிட்டது. நான்கு தடவையும் கடைசி சிலிண்டர் பக்கம், கேபினை ஒட்டிய ஓரத்து ஸ்டட்தான். முதல் தடவை மீன்பிடித் தடைக்காலம் முடிந்து வண்டியை எடுத்த வாரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் வண்டி கடற்கரைக் காற்றிலேயே நின்றது, அதனால் துரு பிடித்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் புது ஸ்டட் போட்டு மூன்றே மாதத்தில் மறுபடியும் உடைந்தது.

காலையில் ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் என்று சத்தம் வரும். திருவொற்றியூர் தாண்டுவதற்குள் அடங்கிவிடும். முதலில் இதை டேப்பெட் (வால்வைத் திறக்கும் பாகம்) சத்தம் என்று சொல்லி ஒரு பட்டறையில் டேப்பெட் செட்டிங் செய்து காசு வாங்கினார்கள். சத்தம் அப்படியே இருந்தது. பிறகு மேனிஃபோல்டு ஓரத்தில் கரி படிந்திருந்ததை நானேதான் பார்த்தேன். ஏற்றத்தில் இழுவையும் குறைந்திருக்கிறது, கரும்புகை வருகிறது.

ஒவ்வொரு தடவையும் ஸ்டட், பேக்கிங் (கசியாமல் நடுவில் வைக்கும் தகடு), கூலி என்று மூவாயிரம் போகிறது. அதைவிட ஒரு நாள் ஐஸ் போகாவிட்டால் பழவேற்காட்டில் எனக்காகக் காத்திருப்பவர்களுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. கெட்டிப் போல்ட் ஏதாவது இருக்கிறதா? யாராவது சொல்லுங்கள்.

ராயபுரம் ஸ்பேர்ஸ்:

அண்ணே, 12.9 கிரேடு போல்ட், அதுதான் ரொம்பக் கெட்டி, வாங்கிப் போடுங்கள், இல்லையென்றால் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்டட். கூட ஒரு கால் சுற்று இறுக்கிவிட்டால் அசையாது. எங்கள் கடையில் பலரும் அப்படித்தான் வாங்கிப் போகிறார்கள்.

தண்டையார்பேட்டை லேத்து:

மேலே சொன்னதை மட்டும் செய்ய வேண்டாம் தம்பி. முப்பது வருடமாக ஹெட்டும் (சிலிண்டர்களின் மேல்மூடி) மேனிஃபோல்டும் ஃபேஸிங் அடித்து, அதாவது முகத்தைச் சமமாகக் கடைந்து, கொடுத்துக்கொண்டிருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

12.9 என்பது சூடாக்கிக் குளிரவைத்துப் பதம் போட்டு ஏற்றிய பலம். மேனிஃபோல்டு சூட்டில் நாள்பட இருந்தால் அந்தப் பதம் இறங்கிவிடும். எஸ்.எஸ். வார்ப்பிரும்பைவிட ஒன்றரை மடங்கு நீளும். சூடு ஏறும்போது பிடி தளர்ந்துவிடும், நட்டும் மரையில் ஒட்டிக்கொள்ளும். அந்த இன்ஜினுக்கென்று வரும் ஸ்டட்டும் நட்டும்தான் சரி, நட்டையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும்.

கால் சுற்று கூட இறுக்குவது இன்னும் கெடுதல். மேனிஃபோல்டு 40 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள். முழு லோடில் இழுக்கும்போது அது 550 டிகிரி சூடு ஏறினால் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அது உட்கார்ந்திருக்கும் அலுமினிய ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடுவதால் அது நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும், அரை மில்லிமீட்டர்தான் நீளும். அந்த வித்தியாசம் முழுவதும் ஓரத்து ஸ்டட்டின் கழுத்தில் வந்து விழுகிறது. அதனால்தான் ஓரத்து ஓட்டைகளைக் கம்பெனியிலேயே பெரிதாக வைத்திருப்பார்கள், மேனிஃபோல்டு பேக்கிங் மேல் வழுக்கிப் போய்வர வேண்டும் என்று. அந்த ஓட்டையில் துருவும் கரியும் அடைத்துக்கொண்டாலோ, நட்டை அளவுக்கு மேல் இறுக்கினாலோ அது வழுக்காது. நீள இடமில்லாமல் முதுகு வளைந்துவிடும். வளைந்த மேனிஃபோல்டை மறுபடி நட்டைப் போட்டு இழுத்து உட்கார வைத்தால், வண்டியை எடுப்பதற்கு முன்பே அந்த ஸ்டட் பாதி பலத்தை இழந்து நிற்கிறது.

காலையில் சத்தம், சூடானதும் சத்தம் இல்லை என்றாயே, அது இந்த இடைவெளிதான். இரும்பு விரிந்ததும் இடைவெளி மூடிக்கொள்கிறது.

உடைந்த ஸ்டட்களை வைத்திருக்கிறாயா? முறிந்த முகத்தைப் பார்த்துச் சொல். முழுவதும் ஒரே நிறத்தில் சொரசொரப்பாக இருந்தால் ஒரே இழுப்பில் போனது. ஒரு பக்கம் வழுவழுப்பாகக் கறுத்துப்போய், மீதி மட்டும் பளபளவென்று இருந்தால், அது பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டு விழுந்து வந்தது. அப்படியென்றால் ஏதோ ஒன்று அதை ஆட்டிக்கொண்டே இருக்கிறது.

மணலி டிரெய்லர்:

நான் ஓட்டுவது பெரிய வண்டி, ஆனால் இதே கதை எனக்கும் நடந்தது. லேத்து அண்ணன் சொன்னதோடு இதையும் பாருங்கள். இன்ஜின் மவுண்டிங் ரப்பர் செத்துப்போயிருந்தால் ஒவ்வொரு கிளட்ச்சுக்கும் இன்ஜின் ஆடும், ஆனால் சைலன்சர் குழாய் சேசிஸில் தொங்குகிறது. நடுவில் இருக்கும் பெல்லோ (வளைந்து கொடுக்கும் குழாய்த் துண்டு) இறுகிப்போயிருந்தால் ஆட்டம் முழுவதும் மேனிஃபோல்டுக்குத்தான் போகும். எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் வரிசையில் நின்று நின்று நகர்கிறோமே, நூறு தடவை கிளட்ச், நூறு தடவை ஆட்டம்.

இன்னொன்று. கரிப்புகை கசிவது கேபின் பக்கமா? அப்படியென்றால் இன்ஜினை ஓட விட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு யாரும் உள்ளே தூங்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலியும் மயக்கமுமாக ஆரம்பிக்கும், தூங்குகிறவருக்கு அதுகூடத் தெரியாது.

காசிமேடு ஐஸ்வண்டி:

மணலி அண்ணே, உங்கள் பதிலைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. என் வண்டியில் கூட வரும் பையன் என் அக்கா மகன். இரவு இரண்டு மணிக்கு ஐஸ் ஏற்ற வரிசையில் நிற்கும்போது ஏ.சி. போட்டுக்கொண்டு கேபினில்தான் தூங்குவான். இரண்டு வாரமாகத் தலை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான், தூக்கம் கெடுவதால் என்று நினைத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். நேற்றிலிருந்து வண்டியை நிறுத்திவிட்டேன். அவனை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் காட்டினேன், நன்றாக இருக்கிறான்.

லேத்து அண்ணே, உடைந்த மூன்று ஸ்டட்கள் டேஷ்போர்டில் கிடந்தன. மூன்றிலும் நீங்கள் சொன்ன மாதிரியே முக்கால் பங்கு கறுப்பு, கால் பங்கு பளபளப்பு. கறுப்புப் பகுதியில் கடல் மணலில் அலை விட்டுப் போன கோடு மாதிரி வரி வரியாகத் தெரிகிறது.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். டர்போவுக்குக் கீழே பிளாக்கோடு சேர்த்துத் தாங்கும் ஒரு பிராக்கெட் இருக்க வேண்டுமாம், பக்கத்து வண்டியில் இருக்கிறது. என் வண்டியில் இரண்டு போல்ட் ஓட்டை மட்டும்தான் இருக்கிறது. ஒன்றரை வருடத்துக்கு முன்பு டர்போ கழற்றி மாட்டிய இடத்தில் திரும்பப் போடாமல் விட்டிருக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் அதற்குப் பிறகுதான் எல்லாமே உடைய ஆரம்பித்தது. பெல்லோவைக் கையால் ஆட்டினால் கல் மாதிரி நிற்கிறது.

மேனிஃபோல்டைக் கழற்றியாகிவிட்டது. உடைந்த ஸ்டட் ஹெட்டில் மூன்று மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஈஸி அவுட் (உடைந்த துண்டில் துளை போட்டுத் திருகி எடுக்கும் கருவி) போடலாமா?

தண்டையார்பேட்டை லேத்து:

பையன் நலமாக இருப்பது பெரிய விஷயம். அந்தக் கோடுகள்தான் சாட்சி, உன் ஸ்டட்டில் தப்பில்லை. பிராக்கெட் தாங்காததால், மேனிஃபோல்டில் மாட்டியிருக்கும் டர்போவின் எடையும் குழாயின் எடையும் அந்த ஓரத்தில் தொங்கி ஆடியிருக்கிறது.

ஈஸி அவுட் வேண்டாம். உள்ளே முறிந்தால் டிரில் பிட்டே ஏறாது, அப்புறம் ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும். மூன்று மில்லிமீட்டர் இருப்பது உன் நல்ல காலம். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து நடுவில் வெல்டிங் அடிக்கச் சொல். அலுமினியத்தில் இந்த வெல்டு ஒட்டாது, பயப்படாதே. சிவப்பு மறைந்து கொஞ்சம் ஆறியதும் மெழுகுவர்த்தியை மரை ஓரத்தில் தேய்த்தால் உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டி எடு. நட்டு மட்டும் பிய்ந்து வந்தால் இன்னொன்றை வைத்து அடி, நான் ஐந்து தடவை வரை அடித்திருக்கிறேன். மரை போயிருந்தால் ஹெலிகாயில் (புது மரையாகும் கம்பிச் சுருள்) போடலாம்.

மேனிஃபோல்டை எடுத்து வா. விரிசல் இருந்தால் வெல்டிங் வேண்டாம், வார்ப்பிரும்பில் வெல்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி கீறும்.

காசிமேடு ஐஸ்வண்டி:

முடிந்தது, எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. இரண்டாவது நட்டிலேயே ஸ்டட் கழன்று வந்துவிட்டது. வெளியே வந்தபோது பட்டறையில் இருந்த எல்லோரும் கை தட்டினார்கள்.

லேத்து அண்ணன் நேர்விளிம்பு வைத்துப் பார்த்தார். ஓரத்தில் 0.7 மில்லிமீட்டர் ஃபீலர் தகடு (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) உள்ளே போனது. விரிசல் இல்லை. ஃபேஸிங் அடித்து, ஓரத்து ஓட்டைகளில் இருந்த கரியைச் சுரண்டிச் சுத்தம் செய்து கொடுத்தார். பிராக்கெட்டைப் புதுப்பேட்டையில் மூன்று கடை ஏறி இறங்கி 350 ரூபாய்க்கு எடுத்தேன். பெல்லோ புதிது. இன்ஜின் மவுண்டிங் இரண்டும் புதிது, பழையதில் ரப்பர் பிளந்து கிடந்தது. ஸ்டட், நட், பேக்கிங் எல்லாம் கம்பெனியுடையது. நடுவிலிருந்து ஓரத்துக்கு, டார்க் ரெஞ்ச் வைத்து மூன்று சுற்றாக மேனுவல் அளவுக்கு மட்டும் இறுக்கினோம். குழாயைக் கடைசியில்தான் மாட்டினோம், அதுவும் பலவந்தமாக இழுக்காமல் தானாக உட்காரும்படி.

இன்று விடியற்காலை ஸ்டார்ட் செய்தேன், சத்தம் இல்லை. மீஞ்சூர் பாலத்தில் முழு ஐஸோடு மூன்றாவது கியரிலேயே ஏறியது. அக்கா மகனை வரிசையில் நிற்கும்போது கேபினில் தூங்க விடுவதில்லை, பாய் ஒன்று வாங்கி ஐஸ் கம்பெனித் திண்ணையில் படுக்கச் சொல்லியிருக்கிறேன்.

மணலி டிரெய்லர்:

நல்லது தம்பி. ஒரு மாதம் கழித்து, இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, ஓரத்தில் கரி தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து இங்கே எழுது.