சாவி வளையம் கேட்டு, கதவுச் சாவி வரை போன கதை

லா ஷப்பேல்வாசி:
பாரிஸ் வந்த புதிதில் ஒரு கடையில் சாவி மாட்டும் வளையம் கேட்டேன். பிரெஞ்சில் அது 'போர்த்' (தாங்குவது), 'க்ளே' (சாவி) இரண்டையும் சிறுகோடு போட்டுச் சேர்த்த சொல். நான் முதல் அசையை ஓங்கி, 'போர்த்' என்று நிறுத்தி, 'க்ளே'யைப் போகிறபோக்கில் விட்டேன். போர்த் என்றால் கதவு என்றும் பொருள் உண்டே! "கதவுச் சாவியா? நாங்கள் வெட்டித் தருவதில்லை" என்றார் கடைக்கார அம்மா.

பிறகு வகுப்பில்தான் புரிந்தது. கூட்டுச்சொல் முழுவதும் ஒரே மூச்சு, அழுத்தம் கடைசி அசையில்: போர்-த-க்ளே. பின்னால் 'ரூஜ்' (சிவப்பு) சேர்த்தால் அழுத்தம் அதன் மேல் போய்விடும். சொல்லுக்கென்று சொந்த அழுத்தம் கிடையாது, தொடரின் கடைசிக்குத்தான்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா:
எனக்கு மாட்டியது வானவில். 'அர்க்-ஆன்-சியேல்' என்று வெட்டி வெட்டிப் படித்தேன். "அர்-கான்-சியேல் அப்பா" என்றாள் சின்னவள். நம் புணர்ச்சியில் மெய் மேல் உயிர் ஏறுவது போலத்தான், சிறுகோடுகளைப் பார்த்து ஏமாந்துவிட்டேன். பன்மையில் அர்க்கோடு ஒரு 'எஸ்' ஒட்டும். சரி, 'அர்க்ஸான்' என்று கெட்டிக்காரத்தனமாக வாசித்தேன். அதற்கும் சிரிப்பு! எழுத்தில்தான் எஸ், ஒலி அதே அர்-கான்-சியேல்.

மாலை வகுப்புக்காரி:
போர்த்-க்ளேயில் நடுவில் அந்தக் குட்டி 'த' ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லையே! பணப்பைக்குப் பெரும்பாலும் 'போர்த்-மொ-னே' என்கிறார்கள், அங்கே 'த'வில் உள்ள அந்த மங்கலான உயிரொலி விழுந்துவிடுகிறது. பின்பாதி ஓரசை என்றால் உயிர் நிற்கும், நீண்டால் விழும். கைப்பிடிச்சுவர் 'கார்-த-ஃபூ', நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் 'கார்த்-ம-லாத்'. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், நாலுமே மூன்று அசை. இதைக் கண்டுபிடித்த அன்று மெட்ரோவில் முணுமுணுத்துக்கொண்டே போய் இறங்க வேண்டிய நிலையத்தை விட்டேன்.

மார்செய்க்காரன்:
அதெல்லாம் உங்கள் வடக்கில். இங்கே தெற்கில், மார்செய்ச் சந்தையில் பணப்பை 'போர்-த-மொ-னே'தான், நாலு அசை. நான் பாரிஸ் பாணியில் விழுங்கிச் சொன்னபோது மீன்காரர், "ஏன் தம்பி, அவசரமா?" என்றார்.