ரீப்பரைத் திறந்தாலே ப்ளகின் ஸ்கேன் ஓடுகிறது, வேகப்படுத்த வழி சொல்லுங்கள்

பாம்பன் மாடியறை:

வணக்கம். பாம்பனில் வீட்டு மாடியில் சின்ன ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10, பதிவதற்கு ரீப்பர் மென்பொருள். ப்ளகின்களும் (வாத்திய ஒலி, எஃபெக்ட் தரும் துணை மென்பொருள்கள்) சாம்பிள்களும் (பதிந்து வைத்த ஒலித்துண்டுகள்) டி டிரைவில். அது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்.

இப்போது கரையில் நின்று மீன்பிடிக் கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டுகளைப் பதிந்து வைக்கிறேன். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து இழுப்பார்கள். முழுப் பாட்டும் தெரிந்தவர்கள் எல்லாம் வயசாளிகள். மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அவர்களை ஒன்றாக உட்காரவைக்க முடிகிறது, ஜூன் 14 தாண்டினால் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். வந்தவர்கள் டீ குடித்து, வெற்றிலையும் போட்டு முடித்த பிறகும் ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் கரண்ட் போனால் மறுபடியும் முதலிலிருந்து. ப்ளகின்களை அழிக்காமல் இதைச் சரிசெய்ய முடியுமா?

தொண்டி கீபோர்டு:

அண்ணே, நான் எஃப்எல் ஸ்டுடியோ, ரீப்பர் மாதிரி இன்னொரு மென்பொருள். அதுல ப்ளகின் மேனேஜர்ல ‘வெரிஃபை’ டிக்கை எடுத்துட்டா ஒவ்வொண்ணையும் திறந்து பார்க்காம பட்டியலை மட்டும் சட்டுனு எடுத்துரும். உங்களுக்கு முதல்ல ஆன்டிவைரஸைப் பாருங்க, அது ஒவ்வொரு கோப்பையும் சோதிச்சு இழுக்கலாம். ப்ளகின் ஃபோல்டரை மட்டும் விலக்குப் பட்டியல்ல சேருங்க, மொத்தமா அணைச்சுறாதீங்க. லைசென்ஸ் உடைச்ச கிராக் ப்ளகின் ஏதாவது கிடந்தா விலக்கு கொடுக்கவே கூடாது.

கீழக்கரை ஒலிப்பதிவு:

தம்பி, ஸ்கேன்னா பேரை வாசிக்கிறது மட்டும் இல்லை. ஒவ்வொரு டிஎல்எல்-லையும் (ப்ளகின் கோப்பு) மெமரியில ஏத்தி, இது வாத்தியமா எஃபெக்டான்னு கேட்டுட்டு இறக்குது. கிடைச்ச பதிலை ரீப்பர் ஒரு ஐஎன்ஐ கோப்புல எழுதி வச்சுக்கும். ப்ளகின் கோப்போட தேதி மாறாத வரை அதைத் திரும்பக் கேட்க வேண்டியதில்லை. அதனால தினமும் இழுக்குதுன்னா காரணம் வேற இடத்துல இருக்கு.

ப்ரிஃபரன்ஸஸ்ல விஎஸ்டி (ப்ளகின்ல ஒரு வகை) பக்கத்துக்குப் போய், எந்த ஃபோல்டர்ல தேடணும்னு சொல்ற பாத் பட்டியலைப் பாருங்க. டி டிரைவ் முழுசும் அதுல இருந்தா, உள்ள கிடக்கிற சாம்பிள் ஃபோல்டர் அத்தனைக்குள்ளயும் அது நுழைஞ்சு தேடும். சுழலுற டிஸ்க்ல அந்தத் தேடலே பெரிய வேலை. ப்ளகின் இருக்கிற ஃபோல்டரை மட்டும் கொடுங்க, முடிஞ்சா அதை வேகமான எஸ்எஸ்டி டிஸ்குக்கு மாத்திருங்க. சாம்பிள்கள் இருந்த இடத்துலயே இருக்கட்டும். விஎஸ்டி2-க்கு அடுத்து வந்த விஎஸ்டி3 ப்ளகின்களுக்கு சி டிரைவ்ல காமன் ஃபைல்ஸுக்குள்ள தனி இடம் உண்டு, அதைத் தொடாதீங்க.

ரெண்டாவது, திறக்கும்போது ஸ்கேன் ஆகுற ப்ளகின் பேரு திரையில ஓடும். எந்தப் பேருல நிக்குதுன்னு கவனிங்க. சில ப்ளகின் லைசென்ஸ் கேட்டு ஒரு பெட்டியைத் திறந்து, அது ரீப்பர் ஜன்னலுக்குப் பின்னாடி ஒளிஞ்சு கிடக்கும். சிலது இணையத்தைத் தேடிக் காத்திருக்கும். நெட் இல்லாதப்ப ஒரு தடவை திறந்து பார்த்தா வித்தியாசம் தெரிஞ்சுரும். ஒரே ப்ளகின் விஎஸ்டி2, விஎஸ்டி3 ரெண்டுலயும் இருந்தா, பழைய ப்ராஜெக்ட் எதுலயும் விஎஸ்டி2 இல்லைன்னு பார்த்துட்டு அதை வேற ஃபோல்டருக்கு நகர்த்துங்க. ‘கிளியர் கேஷ்’ பட்டனை மட்டும் சும்மா அழுத்தாதீங்க, எழுதி வச்சது எல்லாம் போய் மொத்த ஸ்கேனும் மறுபடி ஓடும்.

ஆனா நான் அழுத்திச் சொல்ல வர்றது வேற. அம்பா பதிய உங்களுக்கு ஒரு ப்ளகினும் வேண்டாம். ரீப்பர் இன்ஸ்டாலர்ல ‘போர்ட்டபிள் இன்ஸ்டால்’னு ஒண்ணு இருக்கு. அதை தனி ஃபோல்டர்ல போட்டு (செட்டிங்ஸும் தனியா இருக்கும்), அதுல விஎஸ்டி பாத் பட்டியலைக் காலி பண்ணிருங்க. ரீப்பரோட கூடவே வர்ற ரியாஈக்யூ, ரியாகாம்ப் எஃபெக்டே போதும். சட்டுனு திறக்கும், ஆளு உட்கார்ந்ததும் மைக்கைத் திறந்துரலாம். மிக்ஸ் பண்ணும்போது அதே ப்ராஜெக்டை ப்ளகின் எல்லாம் இருக்கிற பழைய ரீப்பர்ல திறங்க. வயசானவங்களைக் காக்க வச்சா தொண்டையும் ஆறிரும், பாட்டோட வேகமும் போயிரும்.

பாம்பன் மாடியறை:

பாய், நீங்கள் சொன்னபடி பார்த்தேன். பாத் பட்டியலில் டி டிரைவ் முழுசும் இருந்தது, கணினியைப் பொருத்திக்கொடுத்தவர் அப்படி வைத்திருக்கிறார். அதை எடுத்ததிலேயே பெரிய வித்தியாசம். திரையில் பேர் வந்து நின்றது ஒரு பழைய சிந்த் (மின்னொலி வாத்தியம்) ப்ளகின். ஆல்ட்-டாப் அழுத்தினால் பின்னால் லைசென்ஸ் பெட்டி! அதை வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டேன்.

போர்ட்டபிள் ரீப்பரில் இன்று காலை பதிந்தேன். எடுத்துக்கொடுப்பவர் கையால் தொடையில் தட்டித் தொடங்கியதே மைக்கில் விழுந்திருக்கிறது. முன்பெல்லாம் அந்தத் தொடக்கம் கிடைக்காது. ஒரு சந்தேகம்: ஃபோல்டரை மாற்றித் திறந்தால் ஆடியோ கோப்பு காணாமல் போகுமா?

கீழக்கரை ஒலிப்பதிவு:

‘சேவ் அஸ்’ கொடுக்கும்போது ப்ராஜெக்டுக்குத் தனி ஃபோல்டர் உண்டாக்குற டிக்கையும், மீடியாவை அதுக்குள்ள நகலெடுக்குற டிக்கையும் போடுங்க. பதியத் தொடங்குறதுக்கு முன்னாடியே சேவ் பண்ணிருங்க. அப்புறம் அந்த ஃபோல்டரை எங்க தூக்கிட்டுப் போனாலும் ஆடியோ கூடவே வரும். கரண்ட் போற ஊரு, ஆட்டோசேவையும் போட்டு வைங்க. தொடைத் தட்டை மட்டும் மிக்ஸ்ல வெட்டிராதீங்க தம்பி.