மினி பைக்கில் ட்ராக் பூட்டியாயிற்று, ஆழப் பனியில் கிளட்ச் புகைகிறது: உதவி தேவை

வடக்குவாசி:
எல்லோருக்கும் வணக்கம். கனடாவில் சட்பரிப் பக்கம் இருக்கிறேன். 196 சிசி மினி பைக்கின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பழைய ஸ்னோமொபைலின் (பனியில் ஓடும் வண்டி) 15 அங்குல அகல ட்ராக்கை, அதாவது ரப்பர் பட்டையை, பூட்டியிருக்கிறேன். முன்னால் ஒற்றை ஸ்கீ. ட்ராக்கின் பிட்ச் (பல் இடைவெளி) 2.52 அங்குலம், அதைச் சுற்றும் டிரைவர் சக்கரத்துக்கு 8 பல். அதாவது ஒரு சுற்றுக்கு ட்ராக் 20 அங்குலம் நகரும். பழைய டயர் ஒரு சுற்றில் 60 அங்குலம் போகும். மூன்றில் ஒரு பங்குதானே என்று செயின் விகிதத்தை (எஞ்சின் எத்தனை சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று) 6:1-இலிருந்து 2:1 ஆக்கினேன். இறுகிய பாதையில் நன்றாக ஓடுகிறது. முழங்கால் ஆழப் பனியில் எஞ்சின் உறுமுகிறது, ட்ராக் ஊர்கிறது, பிறகு கருகல் வாடையும் புகையும். கிளட்ச் டிரம் நீலம் பாய்ந்துவிட்டது. புதுக் கிளட்ச் போதுமா, பெரிய எஞ்சினே வேண்டுமா?

பட்டறைத்தம்பி:
முதலில் செயினைக் கழற்றிவிட்டு ட்ராக்கைக் கையால் சுற்றிப் பாருங்கள் அண்ணா. லேசாகச் சுற்றவில்லை என்றால் எந்த கிளட்சும் தாங்காது. இறுக்கிக் கட்டியிருக்கிறீர்களோ?

வடக்குவாசி:
கையால் லேசாகவே சுற்றுகிறது தம்பி. கீழே ஒன்றரை அங்குலம் தொய்வு விட்டிருக்கிறேன்.

சங்கிலி_ராஜா:
அப்படியென்றால் கோளாறு விகிதத்தில்தான். டயருக்குச் சமமான கணக்கு சரி, ஆனால் தார்ச்சாலையில் உருளும் டயருக்கும் பனியை அமுக்கிக்கொண்டு போகும் ட்ராக்குக்கும் இழுவை ஒன்றல்ல.

உங்கள் கிளட்ச் எஞ்சின் வேகம் ஏறினால் தானாகப் பிடிக்கும் வகை. அது 2200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வாக்கில் முழுதாகப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2:1-இல் அப்போது ட்ராக் மணிக்கு ஏறத்தாழ 34 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆழப் பனியில் இந்த எஞ்சின் அந்த வேகத்தை எட்டவே எட்டாது. அதனால் கிளட்ச் வழுக்கிக்கொண்டே இருக்கிறது, எஞ்சினின் சக்தியில் பெரும்பகுதி சூடாகிப் போகிறது. 6:1 வைத்தால் மணிக்கு 11 கிலோமீட்டரிலேயே பிடித்துவிடும். 3600 ஆர்பிஎம்மில் உச்ச வேகம் 18 கிலோமீட்டர்தான். முழங்கால் பனிக்கு அது தாராளம். பெரிய எஞ்சினுக்குச் செலவழிக்காதீர்கள், இதே விகிதத்தில் அதுவும் கிளட்சை எரிக்கும்.

வடக்குவாசி:
நன்றி அண்ணா. ஆனால் பழைய 60 பல் ஸ்பிராக்கெட்டை (செயின் பல்சக்கரம்) டிரைவர் தண்டில் மாட்டினால் அது டிரைவரைவிடப் பெரிதாக இருக்கிறது. பனியில் உரசுமே?

சங்கிலி_ராஜா:
நிச்சயம் உரசும். நடுவில் ஒரு இடைத்தண்டு, அதாவது ஜாக்‌ஷாஃப்ட் வையுங்கள். முதல் செயின் 10-க்கு 24, இரண்டாவது 10-க்கு 25. இரண்டையும் பெருக்கினால் 6:1. இரண்டு செயினுக்கும் தனித்தனியாக இறுக்கும் வழி இருக்கட்டும்.

பட்டறைத்தம்பி:
கையில் காசு இருந்தால் 30 சீரிஸ் டார்க் கன்வெர்ட்டர் (வேகத்துக்கேற்ப விகிதத்தைத் தானே மாற்றும் பெல்ட் அமைப்பு) இன்னும் நல்லது. தொடக்கத்தில் அதுவே ஏறத்தாழ 2.7:1 குறைத்துத் தரும். உங்கள் 2:1 செயினோடு சேர்ந்தால் 5.4:1. நானாக இருந்தால் செயினை 3:1 ஆக்கி, 8:1-இல் கிளம்புவேன். பெல்ட்டில் பனி பட்டால் வழுக்கும், மூடி இல்லாமல் ஓட்டவே கூடாது.

குளிர்காலம்77:
விகிதம் சரியானதும் இன்னொன்றையும் பாருங்கள். மைனஸ் 20-இல் கிராங்க்கேஸ் பிரீதர் குழாயில் (எஞ்சின் உள் அழுத்தத்தை வெளியே விடும் குழாய்) ஈரம் உறைந்து அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீலைத் தள்ளிவிடும். குழாயைக் குட்டையாக, எஞ்சின் சூடு படும் இடத்தில் வையுங்கள். ஆயில் 5டபிள்யூ-30 சிந்தெடிக்.

அப்புறம், பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்திச் சோதிக்கும்போது ட்ராக்குக்குப் பின்னால் யாரையும் நிற்க விடாதீர்கள். உறைந்த பனிக்கட்டி கல் மாதிரிப் பறக்கும். விழுந்தால் எஞ்சினை அணைக்கும், மணிக்கட்டில் கட்டும் கில் சுவிட்ச் போட்டிருக்கிறீர்களா?

வடக்குவாசி:
இன்னும் இல்லை. ஜாக்‌ஷாஃப்ட் வேலைக்கு முன்னால் அதை மாட்டிவிடுகிறேன். கன்வெர்ட்டருக்கு எஞ்சின் தண்டு முக்கால் அங்குலம் இருந்தால் போதுமா?

பட்டறைத்தம்பி:
போதும். தண்டில் சாவிக்காடி (பூட்டுச் சாவி பொருந்தும் பள்ளம்) இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.